மாஸ்டரின் கல்லீரல்

ஸ்கேன் டாக்டரம்மா திடீரென்று பேச்சை நிறுத்தியதும் டிரைவிங் மாஸ்டருக்குப் பகீரென்றது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சட்டையைச் சுருட்டிவிட்டு, அரையிருட்டில் மல்லாந்து படுத்து, வயிற்றில் சில்லென்று ஜெல்லைத் தடவிக்கொண்டு, இழுக்கச் சொன்னபோது மூச்சை இழுத்து, விடச் சொன்னபோது விட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வெயிலைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசினார். கருவி வலது விலாவுக்குக் கீழே வந்தது. அவ்வளவுதான், அறையே அடங்கிவிட்டது.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் திட்டிக்கொண்டே வருவார். எதிரே லாரி நெருங்கினால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். ஆகவே, பொறுப்பில் இருக்கிறவர்கள் எப்போது மௌனமாவார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

விலாப் பக்கம் பிடித்து இழுக்கிறது என்று போய்க் காட்டியதற்கு, குடும்ப டாக்டர், "கல்லீரல்ல கட்டி கிட்டி இருக்கான்னு ஒரு ஸ்கேன் பாத்துடலாம்" என்று சாதாரணமாகத்தான் அனுப்பிவைத்தார். அந்தக் 'கிட்டி' மாஸ்டருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

கொஞ்சம் சிரிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று, "என்ன டாக்டர், உள்ள பார்ட்ஸ் எல்லாம் இருக்கா?" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஏதோ பொத்தானை அழுத்தினார். திரையில் படம் அசையாமல் நின்றது. அப்படியே படுத்திருக்கச் சொல்லிவிட்டு, பெரிய டாக்டரை அழைத்துவர வேகமாக வெளியே போனார்.

பெரிய டாக்டர் வந்தார். திரையைப் பார்த்து "அடடா" என்றார். பிறகு கதவைத் திறந்து கைதட்டினார். இளம் டாக்டர்கள் ஐந்தாறு பேர் திமுதிமுவென்று வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரிய டாக்டர் கருவியை நகர்த்தியபடியே அவர்களுக்கு விளக்கினார். வெள்ளையாகத் தெரிகிற கட்டி ஒரு ரகமாம். கறுப்பாகத் தெரிவது இன்னொரு ரகமாம். ஓரத்தில் வளையம் கட்டியிருந்தால் அது வேறு ரகமாம். ஒரே ஆளுக்குள் இத்தனை ரகமா என்று மாஸ்டர் மலைத்துப்போனார்.

ஜெல்லைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் மனைவி பெரிய டாக்டரிடம் ஏதோ பேசி முடித்திருந்தாள். வீடு திரும்பும் வழியில், "பயப்பட ஒண்ணும் இல்லையாம்" என்றாள். "நாளைக்கும் வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீரை மறைக்கிறாள் என்று மாஸ்டர் புரிந்துகொண்டார். ஒன்றும் இல்லாதவனை யாராவது மறுநாளும் வரச் சொல்வார்களா?

மறுநாள் செலவைச் சாக்காக வைத்துத் தப்பிக்கப் பார்த்தார். வரவேற்பில் இருந்த பெண், அவருக்கு மட்டும் கட்டணம் கிடையாது என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். இந்த உலகத்தில் ஸ்கேனைச் சும்மா எடுக்கிறார்கள் என்றால் ஆள் தேறமாட்டான் என்றுதான் அர்த்தம். தினமும் வந்து போவது சிரமம் என்று அடுத்த சாக்கை எடுத்துவிட்டார். வீட்டுக்கே கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். கார் அனுப்புகிற அளவுக்கு முற்றிவிட்டதா என்று நினைத்து, அதை வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

அன்றும் ஆள் மாற்றி ஆள் அவர் விலாவை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று, எல்லாரும் போன பிறகு பெரிய டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாள் சார்?"

பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தீங்கன்னா போதும். அதுக்கு மேல உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டோம்" என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த மாஸ்டருக்குத் தன் உயிரைவிட மனைவியை நினைத்துத்தான் துக்கம் பொங்கியது. கல்யாணமான நாளிலிருந்து தனக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரோட்டில் போகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேலி பேசியே தட்டிக் கழித்திருந்தார். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் சொந்தப் பெண்டாட்டியை மட்டும் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார். இனி இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்காக மழையில் நிற்பாளே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சாவியை நீட்டினார். 

"வா, கத்துத் தரேன்."

"இப்பவேவா?"

"இப்பவேதான். நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். 

மாஸ்டர் வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்டாமல் பாடம் நடத்தினார். போகப்போகிறவனுக்கு எதற்குக் கோபம்? நாற்சந்தியில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் ஹாரன் காதைப் பிளந்தபோது, இறங்கிப் போய் எல்லாரிடமும் கைகூப்பினார். மறுநாள் பாலத்தில் ஏறி இறங்கினாள். அதற்கடுத்த நாள் கடைத்தெரு நெரிசலில் ஒருவரையும் உரசாமல் ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைவரை போனாள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். கியரை அவள் மாற்றுகிற பதமே தனியாக இருந்தது. இத்தனை வருஷம் இவளை ஓட்டவிடாமல் இருந்தோமே என்று மாஸ்டர் வெட்கப்பட்டார். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடுங்கித் திருப்புகிற வேலை இல்லாததால் விலா வலி வந்ததா இல்லையா என்றுகூடக் கவனிக்கவில்லை.

அவளோ வழியெல்லாம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். உள்ளே அழுதுகொண்டு வெளியே பாடுகிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று மாஸ்டர் உருகினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே ஸ்கேன் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"இனிமே நான் இல்லாட்டியும் நீ யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்."

"முதல்ல சீட் பெல்ட்டைப் போடுங்க" என்றாள்.

கடைசி ஸ்கேன் நெடுநேரம் நடந்தது. இளம் டாக்டர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். பெரிய டாக்டர் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போனார். அறையில் நர்ஸ் மட்டும் மிஞ்சினாள். மாஸ்டருக்குக் கண் நிறைந்திருந்தது.

"சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. கட்டி எவ்வளவு பெரிசு?"

ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"கட்டியா? கட்டி இருக்கறவங்க தினம் வராங்க சார். புதுசா படிக்க வந்தவங்களுக்குக் காட்டறதுக்கு, ஒரு குறையும் இல்லாத கல்லீரல்தான் கிடைக்காம இருந்துச்சு. உங்க வீட்டம்மாகிட்ட முதல் நாளே எல்லாம் சொன்னோமே. நீங்க பயந்த சுபாவம், நானே பக்குவமா சொல்லிக்கறேன்னாங்க."

மாஸ்டர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிடக்கூடத் தோன்றவில்லை.

நர்ஸ் அவர் கையில் துண்டைக் கொடுத்தாள். "இப்பக்கூட அவங்க வெளியில கேட்டுட்டு இருந்தாங்க சார், உங்களை இன்னும் ஒரு வாரம் வச்சுக்க முடியுமான்னு. ரிவர்ஸ் எடுக்கறது பாக்கி இருக்காம்."