எருமை வெள்ளையம்மா மகிழ்ந்ததற்கு அத்தாட்சி

ஒரு காட்டில் சனி, ஞாயிறோடு திங்கட்கிழமையும் சேர்ந்து விடுமுறை வந்தது. காடு உண்டான நாள் அந்த வருஷம் திங்களன்று விழுந்ததுதான் காரணம். காடு அன்றைக்குத்தான் உண்டானதா என்று கேட்கக் கூடாது. சிங்கராஜா சொன்ன நாளில் உண்டானது.

போன வருஷமும் இதே மாதிரி மூன்று நாள் விட்டார்கள். மிருகங்கள் பெரும்பாலும் மூன்று நாளும் குகையிலும் புதரிலும் படுத்துத் தூங்கிவிட்டன. ராஜாவுக்கு அது பெரிய மனக்குறை. ஆசையாக விடுமுறை கொடுத்தால் குறட்டை விடுகிறார்களே என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே இந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் கட்டாயம் மகிழ வேண்டும். ஊர்வலத்தில் நடக்க வேண்டும், கடற்கரைக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் ‘மகிழ்ந்தமைக்கான படிவ’த்தை நிரப்பி, மகிழும்போது எடுத்த போட்டோ ஒன்றை ஒட்டி, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் அடுத்த வருஷ விடுமுறைப் பட்டியலில் இருக்காது.

அந்தக் காட்டில் வெள்ளையம்மா என்று ஒரு எருமை இருந்தாள். நிறம் பார்த்தா பெயர் வைக்கிறார்கள்? ஏரியிலிருந்து ராஜாவின் குகைக்குத் தண்ணீர் வண்டி இழுப்பது அவள் வேலை. காலையில் நாலு நடை, சாயங்காலம் மூன்று நடை. பதினோரு வருஷமாக இழுக்கிறாள். கடல் அங்கிருந்து ஆறு மைல்தான். ஆனால் ராஜாவுக்கு விடுமுறை நாளிலும் தாகம் எடுக்குமாதலால் அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

அவள் முதுகில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் தங்கராசு என்ற உண்ணிக்கொக்குதான் அவளுக்குக் கடலைப் பற்றிச் சொன்னான்.

“கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணிதாங்கா.”

“அம்புட்டையும் யாருடா இழுக்கா?”

“யாரும் இழுக்க வேண்டாம். அதுவா வரும், அதுவா போகும்.”

வெள்ளையம்மா நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். அதுவாக வந்து அதுவாகப் போகிற தண்ணீர். அன்றைக்குப் பிடித்த ஆசை. ஒரே ஒரு தடவை அதில் இறங்கி நின்றுவிட வேண்டும் என்று இருந்தது. சுற்றறிக்கை வந்ததும் வெள்ளிக்கிழமையே பதினாலு நடை அடித்து ராஜாவின் தொட்டிகளை எல்லாம் நிரப்பி வைத்தாள்.

அவளிடம் ஒரு குறை உண்டு. முகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பசித்தாலும் அதே முகம், புல்லுக்கட்டு கிடைத்தாலும் அதே முகம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். மழை பெய்தால் எருமைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை.

சனிக்கிழமை ஊர்வலம். கமிட்டித் தலைவர் நரி சபாபதி. இந்தச் சுற்றறிக்கையை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். அவன் நேரே வெள்ளையம்மாவிடம் வந்து நின்றான்.

“அலங்கார வண்டியை நீதாம்மா இழுக்கணும். வேற யாரைச் சொன்னாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. உனக்கு எதுவும் உறைக்காது பாரு.”

அலங்கார வண்டியின் தலைப்பு, ‘கடற்கரையில் ஒரு நாள்’. நீலத் துணியில் கடல் தைத்து, அட்டையில் படகு செய்து, நிஜ மணல் பரப்பி, அதன்மேல் ஒரு மயில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தது. முன்னால் தவளைகளின் பேண்டு வாத்தியம். அதற்கு முன்னால் முயல்கள் வரிசை தப்பாமல் கால் வீசி நடந்தன. ராஜாவின் மேடையை முதல் தடவை கடந்தபோது ராஜா கண் அசந்திருந்தார். திரும்ப வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவை போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை கையசைத்தார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சாயங்காலம்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. மொத்தக் காடும் ஊர்வலத்தில் நடந்துவிட்டதால் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்க ஆளே இல்லை. நடந்தவர்களுக்கெல்லாம் பார்க்கவில்லையே என்று வருத்தம். எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதிப் பேர் நடக்க மீதிப் பேர் பார்ப்பது, மத்தியானம் மாற்றிக்கொள்வது என்று கமிட்டி முடிவு செய்தது. இரண்டு வேளையும் வண்டி இழுத்தவள் வெள்ளையம்மா.

ஆக, திங்கட்கிழமை ஒன்றுதான் மிச்சம். விடியும் முன்பே கிளம்பினாள். அப்போதும் வெறுங்கழுத்தோடு போக விடவில்லை. கடற்கரை வாசலில் நிறுத்தி வைத்தால் அழகாக இருக்கும் என்று துணிக்கடல் வண்டியையும் அவள் கழுத்திலேயே பூட்டி அனுப்பினான் சபாபதி. ஒரு கடலை இழுத்துக்கொண்டு இன்னொரு கடலைப் பார்க்கப் போனாள்.

கடற்கரையில் டோக்கன் முறை. ஒருவருக்கு ஏழு நிமிஷம், முழங்கால் அளவு வரை. வரிசையை நடத்தும் பொறுப்பு ஒரு நண்டிடம் இருந்தது. அது முன்னால் நடக்க, எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். நண்டு போகிற பக்கம்தானே வரிசை போகும்? கடலை நோக்கிப் போகாமல் கரையோரமாகவே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பெரும்பாலோருக்குப் பொறுமை போய்விட்டது. எப்படியும் போட்டோதானே வேண்டும் என்று வாசலுக்குத் திரும்பி, துணிக்கடலின் முன்னால் நின்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். சபாபதி இருக்கிற பல்லெல்லாம் தெரிய, தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளையம்மா வரிசையிலேயே நின்றாள். நாலு மணிக்கு வரிசையில் அவள் மட்டும்தான் மிச்சம். நண்டு வேறு வழியில்லாமல் அவளை உள்ளே விட்டது.

அலை வந்து அவள் முழங்காலைத் தொட்டது. பின்னால் வண்டி இல்லை, கழுத்தில் நுகத்தடி இல்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது, அதுபாட்டுக்குப் போனது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

தங்கராசு கழுத்தில் மாட்டியிருந்த போனை எடுத்தான்.

“அக்கா, கொஞ்சம் சிரிங்களேன்.”

“சிரிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்.”

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்படியே எடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் மரங்கொத்தி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. படிவம் சரியாக இருந்தால் அலகாலேயே டொக்கென்று முத்திரை குத்துவார். கெட்டவர் இல்லை, விதிப்படி நடப்பவர். அது இன்னும் பயம்.

வெள்ளையம்மாவுக்கு முன்னால் சபாபதி நின்றான். அவன் போட்டோவில் அலையின் குறுக்கே ஒரு தையல் ஓடியது. ஏகாம்பரம் தையலைப் பார்த்தார், பல்லையும் பார்த்தார். டொக்.

அடுத்து வெள்ளையம்மா. ஏகாம்பரம் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மகிழும்போது எடுத்தது வேணும்மா.”

“மகிழும்போது எடுத்ததுதான்யா.”

அவர் எழுந்து போய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். “இது உன் அடையாள அட்டைக்கு எடுத்தது. இது உனக்கு லாடம் அடிக்கிறப்ப எடுத்தது. இது கடல்ல எடுத்ததுன்னு நீ சொல்றது. மூணும் ஒண்ணா இருக்கா இல்லையா, நீயே சொல்லு.”

வெள்ளையம்மா பார்த்தாள். ஒன்றாகத்தான் இருந்தது.

“அப்ப எனக்கு அடுத்த வருஷம் கடல் கிடையாதாங்கய்யா?” என்றாள். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நிராகரிப்பதற்கு எந்த விதியை எழுதுவது என்று ஏகாம்பரம் சுற்றறிக்கையைப் புரட்டினார். பதினாலாவது விதியில் அவர் அலகு நின்றது. மழை கிழை வந்து விடுமுறை கெட்டால் தனக்கு உதவுமே என்று சபாபதி எழுதிச் செருகிய விதி அது. ‘மகிழாமல் கழிந்த விடுமுறை, கழிந்ததாகக் கருதப்படாது. ஒரு வாரத்துக்குள் மறு விடுமுறை அளிக்கப்பட வேண்டும்.’

ஏகாம்பரம் இரண்டு தடவை படித்தார். விதி விதிதான்.

“நாளையிலிருந்து மூணு நாள் கடற்கரைக்குப் போ. இந்தத் தடவையாவது ஒழுங்கா மகிழ்ந்துட்டு வா.”

இந்தத் தடவை ஊர்வலம் இல்லை, டோக்கன் இல்லை, நண்டும் இல்லை. மூன்று நாளும் காலையிலிருந்து இருட்டும்வரை வெள்ளையம்மா கடலில் நின்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்த போட்டோவோடு வந்தாள்.

“இப்பவும் மகிழலையா?”

“ரொம்ப மகிழ்ந்தேன்யா.”

“போட்டோ அப்படிச் சொல்லலையே.” அவர் பரிதாபப்பட்டு இன்னொரு மூன்று நாள் எழுதினார்.

அலுவலகத்தில் படிவங்கள் தீர்ந்து அவள் வண்டிக்குத் திரும்பும்வரை இப்படியே நாலு தடவை நடந்தது. அவள் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. ஒரு தடவைகூட யாரும் நம்பவில்லை.

ராஜாவுக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? தண்ணீர் வண்டிக்கு ஆள் தேடினார்கள். முழுசாக மகிழ்ந்து புத்துணர்ச்சியோடு இருப்பவர் யார் என்று முத்திரை குத்திய படிவங்களை எடுத்துப் பார்த்தார் ஏகாம்பரம். மேலாக இருந்தது சபாபதியின் படிவம். நரியின் கழுத்தில் நுகத்தடி ஏறியது. மூன்றாவது நாளே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பல் தெரிந்தால் வண்டி, முகம் வாடினால் மறுபடி விடுமுறை. அவன் அறிவாளி, ஆனால் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் தங்கச்சியிடம் சொன்னாள். அப்புறம் காட்டில் தெரியாதவர் இல்லை.

அடுத்த வருஷம் காடு உண்டான நாள் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஆலமரத்தடியில் சபாபதி முகப் பயிற்சி வகுப்பு நடத்தினான். குரங்குகள் கன்னத்தைத் தொங்கப் போட்டன. கழுதைப்புலி மட்டும் இரண்டு தடவை தேர்வில் தவறியது.

ஊர்வலம் புறப்பட்டது. தவளைகள் பேண்டு வாசித்தன, ஆனால் உற்சாகம் காட்டிவிடுவோமோ என்று பயந்து மெதுவாக வாசித்தன. முயல்கள் காலை இழுத்து இழுத்து நடந்தன. வண்டியில் மயில் குப்புறப் படுத்திருந்தது. இந்தத் தடவை ராஜா விழித்திருந்தார். பார்த்தவர் எழுந்து நின்று தலைப்பாகையைக் கழற்றினார்.

“யாரு போயிட்டா?” என்று சபாபதியிடம் மெல்லக் கேட்டார்.

“யாரும் போகல ராஜா. விடுமுறையைக் கொண்டாடுறோம்” என்றான் சபாபதி, பயிற்சி கெடாத குரலில்.

ராஜாவுக்கு இளகின மனசு. கண் கலங்கிவிட்டது. “இம்புட்டு வேதனையா? எனக்காகவா இத்தனை வருஷமா பொறுத்துக்கிட்டு இருந்தீங்க? இனிமே இந்தக் காட்டுல விடுமுறையே கிடையாது. நிம்மதியா வேலையப் பாருங்க.”

ஊர்வலம் அப்படியே நின்றது. முதலில் ஒரு முயல் விசும்பியது. அப்புறம் காடே ஓவென்று அழுதது.

அலங்கார வண்டியில் பூட்டியிருந்த வெள்ளையம்மாவுக்கு உலகமே இருண்டுவிட்டது. இனி கடல் இல்லை. ஏரியும் தொட்டியும் ஏழு நடையும்தான். அவளும் அழுதாள், தன்னால் முடிந்த மட்டும் அழுதாள்.

ராஜா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை அவளிடம் வந்து நின்றது.

“அங்க பாருங்க. எல்லாரும் கதறுறாங்க, அவ அசையுறாளா? உழைப்புன்னா அது. பதினோரு வருஷமா...”

“பன்னெண்டு ராஜா” என்றான் தங்கராசு, அவள் முதுகிலிருந்து.

“பன்னெண்டு வருஷமா என் வாசலுக்கு வர்றா, ஒரு நாள் சிரிச்சு நான் பார்த்ததில்ல. இந்த ஒருத்திக்கு மட்டும் விலக்கு. கடற்கரைக்கு அனுப்புங்க. சிரிக்கிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். தண்ணி வண்டியை சபாபதி பார்த்துக்கட்டும்.”

ஏகாம்பரம் அதை ஆணையாக எழுதி, டொக்கென்று முத்திரை குத்தினார்.

அன்றிலிருந்து வெள்ளையம்மா கடலில்தான் நிற்கிறாள். மாதம் ஒருமுறை தங்கராசு ஒரு போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறான். மாதம் ஒருமுறை ‘இன்னும் இல்லை’ என்று பதில் வருகிறது. போன மாதம் போட்டோ எடுக்கும்போது அவன் கேட்டான்.

“அக்கா, இப்ப சிரிக்கிறீங்களா?”

“ஆமாடா” என்றாள் வெள்ளையம்மா. “யார்கிட்டயும் சொல்லிராத.”

நீதி: கடலில் நின்றாலும் கரையில் நிற்கிற முகத்தோடு நில், சிரித்தவனைத்தான் வண்டியில் பூட்டுவார்கள்.