உட்பிரிவார் மன்னிப்புக் கேட்ட விதம்

உலகத்தில் உட்பிரிவார் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவரிடம், "வெளியே மழை பெய்யுதா?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். ஜன்னலைப் பார்க்க மாட்டார், உங்களைப் பார்ப்பார். இவன் எதற்காகக் கேட்கிறான், கேட்டு என்ன செய்யப் போகிறான், நனைந்துவிட்டு வந்து நின்றால் பழி யார் தலையில் விழும் என்று எல்லாவற்றையும் ஒரு கணத்தில் எடை போட்டுவிட்டு, "பெய்யலைன்னு இப்போதைக்கு அடிச்சுச் சொல்லிட முடியாது" என்பார். குடை எடுப்பதா, வேண்டாமா? அது உங்கள் பாடு.

இந்த இனத்தில் வீட்டுக்காரர்கள் உண்டு, மேலாளர்கள் உண்டு, கல்யாணமான அண்ணன்கள் ஏராளம். ஆனால் பத்தரை மாற்று உட்பிரிவாரைப் பார்க்க வேண்டுமென்றால் நம்முடைய வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். மனிதர் இளமையில் அரசுத் தரப்பு வக்கீலாக இருந்து திருடர்களைக் கூண்டில் ஏற்றினார். நடுவயதில் தூதரகங்களில் உட்கார்ந்து நாடுகளைச் சமாதானப்படுத்தினார். தலை நரைத்த பிறகு, பல நாட்டுக் கம்பெனிகளுக்காக வாதாடும் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் கண்ணாடி அறை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு பேச்சுக்குள் இன்னொரு பேச்சு, அதற்குள் இன்னொரு பேச்சு என்று அவர் போவதைப் பார்த்து அவர் மனைவியின் தம்பி வைத்த பேர்தான் உட்பிரிவார்.

சாதாரண மனிதன் வேலையை விட்டு வரும்போது மேஜையைக் காலி செய்துவிட்டு வருவான். நம்மவர் ஒவ்வொரு வேலையிலிருந்தும் ஒரு வியாதியைக் கூடவே அழைத்து வந்தார். முதல் வேலை கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தது, பதில் சொல்ல அல்ல. டப்பாவில் பிஸ்கட் குறைந்தால் போதும், வீடு நீதிமன்றமாகிவிடும். டப்பாவைக் கடைசியாகத் திறந்தது யார், திறந்ததைப் பார்த்தது யார், பார்த்தவர் ஏன் அங்கே நின்றார் என்று அவர் மெல்ல மெல்ல வலையை இறுக்கிக்கொண்டு வரும்போது, மனைவி காய் நறுக்கியபடியே, "நான்தான் தின்னேன். உள்ள தள்ளுங்க" என்பார். வழக்கு இவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தூதரகம் அவருக்கு இல்லை என்ற சொல்லையே மறக்கடித்துவிட்டது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் மகனுக்குச் சிபாரிசு கேட்டு வந்தார். "உங்க கோரிக்கையை மிகுந்த அக்கறையோட கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்றார் நம்மவர். உறவுக்காரர் பூரித்துப்போய், பையனுக்குப் புதுச் சட்டைகூட வாங்கிவிட்டார். கடைசியில் வீட்டம்மாதான் போன் போட்டு, "அவர் பாஷையில அதுக்கு முடியாதுன்னு அர்த்தம் அண்ணா" என்று விளக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வேலைதான் முற்றிய வியாதி. மன்னிப்பு என்ற சொல் வாய் தவறி விழுந்தால் கட்சிக்காரரின் கம்பெனியே விழுந்துவிடும் என்று இளைய வக்கீல்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டனவா? "இரு கப்பல்களும் எதிர்பாராத விதமாக ஒரே இடத்தை விரும்பின" என்று எழுதுவார். நடுவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படிப்பார்கள். கம்பெனி தப்பிவிடும்.

எல்லாம் சரி. மகள் விஷயத்தில் மாட்டிக்கொண்டார்.

ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் கட்டிக்கொள்ள விரும்பும் பல் டாக்டரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். பையன் அமைதியானவன். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னான். நம்மவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பொண்ணை நீங்க முதல்ல பார்த்தது எங்க?"

"ஒரு ஃப்ரெண்டு வீட்டு விசேஷத்துல, அங்கிள்."

"போன வாரம் என் மனைவிகிட்ட கிளினிக்னு சொன்னீங்க. அது பொய்யா, இது பொய்யா? ஒண்ணை மட்டும் சொல்லுங்க."

"ரெண்டும் இல்லை அங்கிள். விசேஷத்துல பார்த்தேன், அப்புறம் கிளினிக்ல—"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்."

இந்த ரீதியில், தட்டில் சோறு ஆறும் வரைக்கும் போயிற்று. பையனின் அப்பா ஏன் வேலை மாறினார், அம்மாவுக்கு ஏன் சர்க்கரை வியாதி, இவன் ஏன் பல்லைத் தேர்ந்தெடுத்தான், கண் கிடைக்கவில்லையா என்றெல்லாம் கேட்டார். சாட்சி உடைகிறது என்ற பழைய சந்தோஷத்தில் நம்மவருக்கு முகமெல்லாம் ஒளி. பையன் பாதித் தட்டோடு எழுந்து கையைக் கழுவி, வீட்டம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டான். மகள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட நேர்ல போய், தப்பு என்னோடதுன்னு சொல்லுங்கப்பா. சொல்ற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், மனிதருக்கு மகள் என்றால் உயிர். சாப்பாட்டு மேஜையில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டே அவள் பாடும் பாட்டு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவளுடைய செருப்பு அலமாரிக்கு முன்னால் நின்று தனக்குத்தானே தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று நிஜமாகவே பயந்தார். ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை வரவேண்டுமே.

முதலில் மகளுக்குப் போன் செய்தார். "அன்னைக்கு நடந்த உரையாடலால யாருக்காவது மன வருத்தம் ஏற்பட்டிருக்குமானால்—"

"யாருக்காவதா?" என்றாள் மகள். போன் வைக்கப்பட்டது.

பிறகு மனைவி அவரைச் சமையலறையில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்.

"சொல்லுங்க. தப்பு."

"தப்பு நடந்திருக்கலாம்."

"என்னோடது."

"இரு தரப்புலயும்—"

"எது இரு தரப்பு? சாப்பிட வந்த பையன் ஒரு தரப்பா?" என்று மனைவி கரண்டியை டொக்கென்று வைத்தார். "நாட்டுக்கு நாடு சமாதானம் பண்ணி வச்ச மனுஷனுக்கு ரெண்டு வார்த்தை வரமாட்டேங்குதே."

அவர் என்ன செய்வார், பாவம். வாயைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கும் அரசுத் தரப்பு வக்கீல் 'முதலில் கிளினிக் என்று சொன்னது யார்?' என்பார். தூதர் 'சொல்லாமலே சொல்ல வழியிருக்கிறது' என்பார். கம்பெனி வக்கீல் 'ஒப்புக்கொண்டால் தொலைந்தாய்' என்பார். மூன்று பேரும் முட்டி மோதி வாசலை அடைத்துக்கொள்ள, நாலாவதாக நிற்கும் அப்பாவுக்கு வெளியே வர வழியே இல்லை.

இந்தச் சமயத்தில் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. வலிக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கன்னம் பன்னு மாதிரி உப்பிய பிறகுதான், "அசௌகரியம்னு சொல்லலாம்" என்றார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தர்தான். வாங்க."

கிளினிக் சிறியது. பல் துலக்கும் முறையை விளக்கும் படம் ஒன்று, மருந்து வாசனை, சாய்வு நாற்காலி, அதற்கு மேலே முகத்தில் அடிக்கும் விளக்கு. எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியிருப்பார், தானே ஏறி உட்காருவது இதுதான் முதல் தடவை. பையன் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. "உட்காருங்க அங்கிள்" என்று கையுறையை மாட்டிக்கொண்டான்.

"ராத்திரி வலிக்குதா?"

"வலின்னு திட்டவட்டமா—"

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க அங்கிள். வாயைத் திறந்துக்கிட்டு அதுதான் சொல்ல முடியும்."

வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவன் சொன்னான். ஆனால் வாசலோரம் உட்கார்ந்திருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊசி போட்டாயிற்று. உதடு மரத்தது, நாக்கில் பாதி மரத்தது. பையன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "வலிச்சா கையைத் தூக்குங்க அங்கிள். உடனே நிறுத்திடறேன்."

நம்மவருக்கு எங்கேயோ சுருக்கென்றது. பல்லில் அல்ல. தன் மேஜையில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பையனிடம் அன்றைக்கு யாராவது இப்படி ஒரு வார்த்தை சொன்னார்களா? கையைத் தூக்கியிருந்தாலும் தான் நிறுத்தியிருப்போமா? வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கினார்.

பையன் சட்டென்று நிறுத்தி, வாயிலிருந்ததை எல்லாம் எடுத்தான். "வலிக்குதா?"

நம்மவர் பேச முயன்றார். அரசுத் தரப்பு வக்கீலின் வாக்கியம் நீளம், மரத்த நாக்கில் புரளவில்லை. தூதருடையது அதைவிட நீளம். கம்பெனி வக்கீலுடைய வாக்கியத்தில் முதல் சொல்லையே உதடு பிடிக்கவில்லை, எச்சில்தான் ஒழுகியது. மூன்று பேரும் கைவிட்டுவிட்ட அந்த வாயில், வேறு வழியில்லாமல், நாலாவது ஆள் எட்டிப் பார்த்தார்.

"தப்பு... என்னோடது."

பையன் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தான். பிறகு அவர் தாடையைத் துடைத்துவிட்டு, "சரி அங்கிள். வாயைத் திறங்க, பல்லைப் பார்ப்போம்" என்றான். நம்மவர் கண்ணில் தண்ணீர். அது ஊசியால் வந்தது என்று பிற்பாடு வாதாடப்பட்டது.

பல் வெளியே வந்தது, பஞ்சு உள்ளே போனது. மனைவி கிளினிக் படியிலேயே மகளுக்குப் போன் போட்டுவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், நாக்கில் மெல்ல உணர்ச்சி வந்தது. கூடவே மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அவர் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இப்ப நான் அங்க சொன்னது, மருந்தோட பாதிப்புல சொன்னதுங்கிற அடிப்படையில—"

"பஞ்சை நல்லா கடிச்சுக்கோங்க."

"எவ்வளவு நேரம்?"

"பொண்ணு வீட்டுக்குள்ள வந்து உட்கார்ற வரைக்கும்."

அவர் கடித்துக்கொண்டார். சாயங்காலம் மகள் வந்தாள். அவர் எதிரே, தன் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நிஜமா சொன்னீங்களாப்பா?"

அவர் தலையை ஆட்டினார். மேல் விளக்கம் எதுவும் இல்லை, பஞ்சு இருந்தது.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். உங்கள் மேலாளரை நினைத்திருப்பீர்கள், மாமனாரை நினைத்திருப்பீர்கள், இதைப் படித்துக்காட்ட ஓர் ஆளைக்கூட முடிவு செய்திருப்பீர்கள். நல்லது. நீங்கள் கடைசியாக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது நினைவிருக்கிறதா? அதில் 'ஒருவேளை' இருந்ததா? பின்னாலேயே ஓர் 'ஆனால்' வந்ததா? 'அது அப்படியில்லை, அன்றைய சூழ்நிலை வேறு' என்றா ஆரம்பிக்கிறீர்கள்? வேண்டாம், பஞ்சு எங்களிடம் நிறைய இருக்கிறது. தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும்.