சீனி போட்ட முதுகெலும்பு

டியூப் அண்ணையைப் போன்ற பிடிவாதக்காரர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் முன்பும் இருந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழிலைக் கேளுங்கள்: சொன்ன பக்கமெல்லாம் வளைகிற குழாய் செய்வது.

நாங்கள் இருவரும் ஃபுளோரா அன்ரி வீட்டில் அறையெடுத்து இருந்தோம். நான் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு வழக்கறிஞரிடம் கிளார்க். அவர் மருத்துவக் கருவிக் கம்பனியொன்றில் எஞ்சினியர். நூடில்ஸ் மொத்தத்தில் ஒரு குழாய், உள்ளே இரண்டு இழைக் கம்பி. கைப்பிடியில் சின்னச் சக்கரம்போல இருக்கும் சில்லைத் திருப்பினால் நுனி இடம் வலம் திரும்பும். அதை முதுகெலும்புக்குள் நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சின்னதாகக் கரண்ட் கொடுத்தால் தீராத வலியும் அடங்குமாம்.

தீராத வலி வீட்டிலேயே இருந்தது. அன்ரிக்கு இடது காலில் நரம்பு வலி. பூசையில் முழந்தாளிட முடியாமல் போனதில் அவருக்குக் கடவுளோடு கொஞ்சம் மனத்தாங்கல்.

ஒருமுறை என் சாவி அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

"அண்ணை, ஒருக்கா பிடியுங்கோ, தள்ளுவம்."

"தள்ளுறது லேசு. விடும், நான் எடுக்கிறன்."

குழாயை விட்டுச் சாவியை எடுக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அன்று வழக்கறிஞரிடம் நான் வாங்கிய ஏச்சை அவர் பொருட்படுத்தவில்லை.

பிறகு வந்தது பரீட்சை. காலை பத்து மணிக்கு டாக்டர்மார் முன்னால் குழாயை ஓட்டிக் காட்டவேண்டும். சரிவராவிட்டால் வேலையை இழுத்து மூடுவதாகக் கம்பனி சொல்லிவிட்டது. முதுகெலும்புக்குப் பதிலாக, கடற்பாசியை ஜெலியாகக் காய்ச்சி, நடுவில் நெளிந்த துவாரம் விட்டு, பிரிட்ஜில் இறுக வைத்திருந்தார் அண்ணை.

அது ரமழான் நோன்புக் காலம். முந்தின நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு நஸீரா ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பது எங்கள் ஒழுங்கையில் வழக்கமில்லை.

அன்றிரவு அண்ணை பிரிட்ஜைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்தார்.

"அன்ரி, என்ர முதுகெலும்பு எங்க?"

"ஐயோ மாதாவே, அது முதுகெலும்போ? துண்டு துண்டா வெட்டி நஸீராவுக்குக் குடுத்துப்போட்டனே!"

அந்நேரம் மதிலுக்கு மேலால் நஸீராவின் தலை. "அன்ரி! உம்மாக்குச் சீனி வருத்தமெண்டு யோசிச்சி, சீனியே போடாம செஞ்சிருக்கிறீங்க! உம்மா அழுதிட்டாங்க!"

அண்ணை அடுப்படி நிலத்தில் அப்படியே குந்திவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

விடிய எழும்பி, அன்ரி நொண்டி நொண்டிப் புதிதாகக் காய்ச்சினார். அண்ணை அச்சைப் பிடித்தார். கைப்பழக்கத்தில் அன்ரி அரைக் கிலோ சீனி கொட்டியதை எறும்புகளைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை.

பாத்திரத்தை மடியில் ஏந்தி த்ரீவீலரில் போனவன் நான். அதனால் கண்ணால் கண்டதையே சொல்கிறேன். குழாய் பாதி வழி போனதும், துவாரத்துக்குள் ஓர் எறும்பு.

பெரிய டாக்டர் குனிந்தார். "இது என்ன?"

"எறும்பு, சேர்."

"எப்பிடி வந்தது?"

"சீனி, சேர்."

அண்ணைக்குப் பொய் வராது. சில்லை ஒரு நூல் திருப்பினார். நுனி எறும்பைத் தொடாமல் ஒதுங்கிப்போய்க் குறித்த இடத்தில் நின்றது. எறும்பு அசையக்கூட இல்லை.

"இன்னொருக்கா செய்யும்," என்றார் டாக்டர். செய்தார். வேலை தப்பிப் பிழைத்தது.

அன்ரி தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார், குழாய் போடப்போகும் முதல் ஆள் தான்தான் என்று. அண்ணை மறுத்துவிட்டார்.

"முதல்ல நூறு பேருக்குப் போட்டுப் பாக்கோணும். பழுதில்லையெண்டாத்தான் உங்களுக்கு."

"ஏன் தம்பி, என்னில என்ன குறை?"

"உங்களை வச்சுப் பரிசோதிக்க என்னால ஏலாது, அன்ரி."

அன்ரி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் அண்ணையின் தேத்தண்ணியில் அன்ரி போட்ட இரண்டு கரண்டி சீனி இருந்தது. வாழ்நாளில் தேத்தண்ணிக்குச் சீனி சேர்க்காத மனிதர், ஒரு சொல் சொல்லாமல் குடித்து முடித்தார்.