லெனோர் பாதியில் விட்டுப்போன வேலை

கால்டர் க்ரீக், மொன்டானா
மே 19

மதிப்பிற்குரிய மச்சான் ஓரின் டால்பெர்க் அவர்களுக்கு ஆர்விட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நாயும் சௌக்கியம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் சௌக்கியமென்று நம்புகிறேன். பதினோரு நாளாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தங்கள் தங்கை லெனோர் சௌக்கியமா என்று நான் கேட்கவில்லை. என் மனைவியைத் திருப்பி அனுப்புங்கள் என்றும் கேட்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டுப் போனவளை வந்து முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு.

நடந்ததை அவள் தன் வசதிக்குச் சொல்லியிருப்பாள். நான் உள்ளபடி சொல்கிறேன். பனி உருகியதும் கேம்பரைப் பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போவது எங்கள் வழக்கமென்று தங்களுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க அந்தப் பெட்டி வீடு நான்கு மூலையிலும் நான்கு ஜாக்கிகளின் மேல் எங்கள் வாசலில் நிற்கும். நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்து அதன் அடியில் செலுத்த வேண்டும், அவள் ஓரமாக நின்று கையைக் காட்ட வேண்டும், இருபத்தாறு வருஷமாக இது அவள் வேலை. அன்றைக்கு நான் கியரைப் போட்டதும், "பின்கதவக் கழட்டலியே!" என்று கத்தினாள். வண்டியின் பின்கதவைக் கழற்றாமல் போனால் கேம்பரில் இடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும், மறந்திருந்தேன், அதை அவள் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு ரூடிக்குக் கேட்கும்படி சொன்னாள். நானும் அவனுக்குக் கேட்கும்படியே, "உன்னக் கையத்தான் காட்டச் சொன்னேன், வாயக் காட்டச் சொல்லல" என்றேன். இது ஒரு பெரிய வார்த்தையா மச்சான்?

அவள் வாயை மூடிக்கொண்டாள். கையை மட்டும் காட்டினாள். வா, வா, இன்னும் வா என்று, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், இடிக்கிற வரைக்கும் காட்டினாள். கேம்பர் குலுங்கி, முன்பக்கத்து இடது ஜாக்கி அடியில் வைத்திருந்த பலகையிலிருந்து வழுக்கிச் சேற்றில் இறங்கி, உள்ளே அலமாரி திறந்துகொண்டு அவள் அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் வெளியே கேட்டது. கடைசித் தட்டு விழும்வரை நின்று கேட்டாள். பிறகு, "இப்பவும் கையத்தான் காட்டுறேன், பாத்துக்கோ" என்று டாட்டா காட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தங்களிடம் வந்துவிட்டாள்.

அதற்குப் பின் நான் பட்ட பாடு நாய் படாது. ஜாக்கி நான்கு, ஆள் ஒருவன். ஒன்றைப் பத்துச் சுற்று சுற்றினால் எதிர்மூலைக்கால் அந்தரத்தில் தொங்குகிறது, ஓடிப்போய் அதை இறக்கினால் மூன்றாவது சேற்றில் அழுந்துகிறது, ரசமட்டம் உள்ளே அடுப்பின் மேல் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் ஏறிப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏறினால் என் எடைக்கே மட்டம் மாறிவிடுகிறது, இறங்கினால் பார்த்தது பொய்யாகிவிடுகிறது. ரூடி காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"என்னய்யா ஆர்விட், வீடு ஒரு பக்கமா சாஞ்சு யாரத் தேடுது?"

"தரை சரியில்லடா."

"ஆமா, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்காக ஜெபிப்போம் என்றார். கண்ணை மூட வேண்டியவர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மூன்று பெண்கள் ஆளுக்கொரு தட்டு உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அதை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்று தங்களுக்குத் தெரியும். இங்கே யாரும் சாகவில்லை என்றேன். "தெரியும்யா, சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகவே கேம்பர் இன்றும் கோணலாக நிற்கிறது, வண்டி அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கை காட்ட ஒரு ஆள் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ரூடியிடம் நான் கேட்க மாட்டேன். அவள் வரட்டும், கையைக் காட்டட்டும், ஏற்றி முடித்த மறுநிமிஷமே திரும்பிப் போகட்டும். நான் தடுக்கப்போவதில்லை. எட்டுத் தட்டில் இரண்டு உடையவில்லை என்றும் சொல்லுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அது அவள்மேலா என்மேலா என்பதுதான் இப்போது சரியாகத் தெரியவில்லை.

தங்கள் இல்லத்தில் சகல நலமும் பெருகக் கர்த்தரை வேண்டும்,
தங்கள்மேல் அன்பு (தங்கள் பக்கம் அது மாறியிருந்தாலும்) மாறாத
ஆர்விட் ஹௌக்ருட்

பி.கு.: மேலே கேம்பர் இன்றும் கோணலாக நிற்பதாக எழுதியது பொய். போன செவ்வாய்க்கிழமையே ரூடி கையைக் காட்ட, நாற்பது நிமிஷத்தில் ஏற்றி, மட்டம் பார்த்து, சங்கிலியும் பூட்டிவிட்டோம். தனியாக ஏரிக்குப் போனேன். வழக்கமான இடத்தில் நிறுத்தி முட்டை பொரித்தேன்; சட்டியின் நடுவிலேயே நின்றது, அவ்வளவு மட்டம். சாப்பிடப் பிடிக்கவில்லை. நேற்று திரும்பி வந்து, நானே நான்கு ஜாக்கிக் கால்களையும் தரைக்கு இறக்கி, கேம்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். அது வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அவளைக் கூப்பிட எனக்கு வேறு காரணம் கிடையாது மச்சான்.