டார்வெலும் வெள்ளைப் பூவும்

நல்லேப்பிள்ளி,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் ராஜசேகர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பழனாத்தாளைக் கட்டிய குப்பண்ணன், பொள்ளாச்சித் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆழியாற்றுத் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்துவிட்டால் வயலும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு வார்த்தை பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் என்றால் கடைசி வரைக்கும் நான் மட்டும்தான் பேசலாம்.

"புதன்கிழமைக்குள்ள கோமதி கொழிஞ்சாம்பாறைக்குப் போயி மாப்பிள்ளை ஊட்டாருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். இல்லைன்னா சம்பந்தம் முறிஞ்சுது, அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என் மகளுக்கு நீங்கள் தாய்மாமன், சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் நீங்களே, கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு சினிமாக்காரனுக்காகப் பெண் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டாள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அது சினிமாக்காரன் இல்லை மச்சான், சினிமாவில் வருகிறவன். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், அப்புறம் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

டார்வெல் என்பவன் வெள்ளைக்காரப் படங்களில் வரும் உளவாளி. கல்யாணத்துக்கு முன்பு சித்தூர் டாக்கீஸில் அவன் தமிழ் பேசி நான் பார்த்திருக்கிறேன். அப்போது நடித்தவர் கிழவராகிவிட்டார், அவருக்குப் பின்னால் ஆள் மாறி ஆள் மாறிப் படம் வந்துகொண்டே இருக்கிறது, டார்வெலுக்கு மட்டும் இன்னும் நாற்பது வயது தாண்டவில்லை. கடைசியாக வந்த படத்தில் அவன் நிற்கும் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கிறார்கள், ஆள் ஆற்றோடு போகிறான். மூன்று நாள் கழித்து அவனுடைய மேலதிகாரி, வயதான அம்மா ஒருத்தி, மலை உச்சியில் அவன் தனியாகக் குடியிருந்த வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் யாருமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள், படம் முடிந்தது. அன்றிலிருந்து உலகத்தில் உள்ள டார்வெல் ரசிகர்கள் எல்லாம், அடுத்த படத்தில் அவன் வருவானா, செத்தே போனானா என்று இன்டர்நெட்டில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுக் கடிகாரத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஜன்னல் திரையை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வாசலில் கட்டியிருந்த மாட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நம்ம கோமதி பார்த்தாள். மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டியில் கால்நடை டாக்டராக இருக்கிறவள் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்? மூன்று நாள் கறக்காமல் விட்ட மாடு என்றால் மடி கல் மாதிரி கனத்து, காம்பில் பால் சொட்டி, மலையே கேட்கக் கத்தியிருக்க வேண்டும். இது நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் அன்று காலையில் யாரோ கறந்திருக்கிறார்கள். அந்த மலையில் டார்வெலைத் தவிர வேறு குடி கிடையாது. ஆகவே டார்வெல் உயிரோடு இருக்கிறான். இதை அவள் இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். மச்சான், பிரேசில் நாட்டில் ஒருத்தர் அவளை இப்போது டீச்சர் என்று கூப்பிடுகிறார். கனடாக்காரர் ஒருத்தர், இத்தனை வருஷம் மாட்டைக் கவனிக்காமல் படம் பார்த்ததற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். நானும் போனில் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து மாட்டோடு இருக்கிறவன் சொல்கிறேன், கறந்த மடிதான். நெல்லுக்கு நல்ல விலை கிடைத்த வருஷம்கூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. சித்தூர்ச் சந்தையில் யாரும் கேட்காமலே நானாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இந்த நிலைமையில்தான் நீங்கள் சிவப்பிரகாஷின் ஜாதகத்தைக் கொண்டுவந்தீர்கள். பையன் தங்கம், கூட்டுறவு வங்கியில் வேலை, குனிந்த தலை நிமிராதவன், அதையெல்லாம் நான் இப்போதும் மறுக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் உங்களுக்கு அரைகுறையாகத்தான் செய்தி வந்திருக்கும். இரண்டு பேரையும் மோட்டார் ரூம் பக்கம் தென்னை மரத்தடியில் கொஞ்சம் பேசிவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம். போனவர்கள் திரும்பி வரவே இல்லை. உங்கள் தங்கை இரண்டாம் தடவை காப்பி வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றால் பிடித்துவிட்டது என்று நாங்கள் தாலி எடுக்கும் கடை வரைக்கும் பேசி முடித்துவிட்டோம். அப்போது கோமதி வந்து நின்றாள்.

"ஒத்து வராதுங்கப்பா."

"ஏஞ் சாமி?"

"டார்வெல் செத்துட்டான்னு சொல்றாருங்க."

சம்பந்தியாகப் போகிறவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "அடக் கடவுளே, ஆருங்க அது? உங்க பங்காளியா? நல்ல காரியம் பேசற எடத்துல தீட்டு எதும் வருமுங்களா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய வீட்டம்மா அதற்கு மேல் போய், "ஏனுங்க, பொண்ணு முன்னாலயே ஆரையாச்சும் மனசுல நெனச்சு வெச்சிருந்துதுங்களா?" என்று கேட்டார். அவன் ஆளே இல்லை, பொய்யாக உண்டாக்கின ஆள் என்று நான் விளக்கியதில் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு பையன்தான் விளக்கினான். அவனும் அந்தப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவனாம். டார்வெல் செத்துவிட்டான், அடுத்த படத்தில் வேறொரு சின்னப் பையன் அந்த வேலைக்கு வருவான் என்பது அவனுடைய கட்சி. "மாடு சினிமாக்காரங்க வாடகைக்கு ஓட்டிட்டு வந்ததுங்க. மாட்டுக்காரன் கறந்துட்டுத்தான் அனுப்பியிருப்பான்" என்றான். கோமதி முகம் சிவந்துவிட்டது. "அப்படிப் பார்த்தா பாலமும் அட்டையில செஞ்சதுதானுங்க. அது இடிஞ்சதை மட்டும் எப்படி நம்பறீங்க?" என்று கேட்டாள். நீங்கள் சொல்லுங்கள் மச்சான், ஹைகோர்ட் வக்கீலுக்கு வருமா அந்தக் கேள்வி? சம்பந்தம் முறியும் சமயத்திலும் என் மனசுக்குள் ஒரு நாதஸ்வரம் வாசித்தது.

இருந்தாலும் நல்ல இடத்தை விட மனசு வரவில்லை. இழுபறியான காரியம் என்றால் மாரியாத்தாளிடம் பூக் கேட்பதுதானே நம் வழக்கம்? மூன்று வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பமும் கோயிலில் கூடினோம். உங்களுக்குத் தெரியாததில்லை, வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்; வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் போட்டாயிற்று. எல்லோரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டோம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். பளிச்சென்று வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள், சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார், அவர் சட்டைப் பையிலிருந்த விபூதியெல்லாம் என் மேல்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கோமதி நிதானமாகச் சொன்னாள்: "ஆத்தாளே சொல்லிட்டா. உசுரோடதான் இருக்கறான்."

அவள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். டார்வெல் இருக்கிறானா என்று கேட்டாளாம். உடனே சிவப்பிரகாஷ், "நான் கேட்டது அவன் செத்துட்டானான்னுங்க. ஆத்தா ஆமான்னுட்டா" என்றான். ஆத்தாள் யாருடைய கேள்விக்குப் பதில் சொன்னாள் என்று கோயிலுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. பூசாரி, ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான், கூட்டமாகச் சேர்ந்து ஆளுக்கொன்று கேட்டால் நான் பொறுப்பில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போது கோமதி சம்பந்தியைப் பார்த்து, "உங்க பையன் கேட்ட கேள்வியே தப்புங்க மாமா. சாமிகிட்டப் போயி ஆராச்சும் ஒருத்தன் செத்துட்டானான்னு கேப்பாங்களா?" என்றாள். இதுதான் நீங்கள் சொல்லும் மரியாதைக் குறைவு. இதற்குத்தான் மன்னிப்பு. நான் அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு பிழையும் இல்லை.

அன்றே அவள் வெள்ளைப் பூ வந்த செய்தியை எழுதிவிட்டாள். மாரியாத்தாள் இப்போது கடல் தாண்டிப் பிரபலம். நேற்றுப் பூசாரி என்னை வரப்பிலேயே மறித்து, "ஏனுங்க, அடுத்த படத்துல வில்லன் ஆருன்னு கேட்டுச் சொல்லச் சொல்றாங்களாமா. ஆறு பேருல ஒருத்தருன்னா நான் எத்தனை பொட்டலம் போடறது?" என்று கேட்டார். நம் ஊருக்கு இப்படி ஒரு கௌரவம் இதற்கு முன்னால் எப்போது வந்தது?

இன்னொன்றும் சொல்கிறேன், அவர்கள் பையனே இன்னும் சமாதானம் ஆகவில்லை. தினமும் டூட்டி முடிந்ததும் கோமதிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறான். இவளும் விடுவதில்லை, பேசிப் பேசிப் போன் சூடாகிவிடுகிறதாம். போன வாரம் லீவு போட்டுவிட்டு மூணாறுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஜீப் பிடித்து மாட்டுப்பட்டிக்கே போய்விட்டான், கறக்காத மாடு கத்துமா கத்தாதா என்று நேரில் பார்க்க. கோமதியோடு வேலை பார்க்கும் ஜின்சி என்ற மலையாளப் பெண் எனக்குப் போன் செய்தாள். "அங்கிளே, ரெண்டு பேரும் காலையிலேருந்து தொழுத்துல நின்னு பயங்கர வழக்காணு. இப்ப அந்தாளைக் கறக்க உக்கார வெச்சிருக்கா. பசு ஒரு தடவை உதைச்சு, இவ மருந்து போட்டு விட்டா" என்றாள். வழக்கு என்றால் அவர்கள் பாஷையில் சண்டை. பார்த்தீர்களா? வங்கி அதிகாரியைத் தொழுவத்தில் உட்கார வைத்து நிரூபித்திருக்கிறாள் என் மகள். அவனும் சளைத்தவன் இல்லை, உதை வாங்கிய பிறகும், "உசுரோட இருந்தாலும் நடிக்கறவரு மாறிருவாருங்க" என்று புதுக் கட்சி ஆரம்பித்திருக்கிறான். அதைத் தீர்க்க அடுத்த வாரமும் வருகிறானாம். இப்படிப்பட்ட பிடிவாதக்காரனுக்கு என் பெண் எப்படிப் பொருந்துவாள் என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகவே மச்சான், என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பத்தாவது தாண்டாதவன். எங்கள் வகையறாவில் ஒரு பெண் தனியாக மலை ஏறிப் போய் வேலை பார்ப்பதே முதல் தடவை. அவள் கண்ணுக்குப் பட்டதைத் தைரியமாகச் சொன்னாள், உலகம் காது கொடுத்துக் கேட்டது. அதைப் போய் நான், "சொன்னது தப்பு, மாடு வெறும் மாடுதான்" என்று கொழிஞ்சாம்பாறை முற்றத்தில் நின்று சொல்லச் சொல்வேனா? அவளைப் பெற்றதற்கு எனக்கு அவ்வளவு பெருமை, அவ்வளவு சந்தோஷம். கல்யாணம் நின்றால் எனக்கும் வலிக்கத்தான் செய்யும், நல்ல பையனை விட்டுவிட்டோமே என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் ஆத்தாளே வெள்ளைப் பூவை எடுத்துக் கொடுத்துத் தீர்ப்புச் சொன்ன பிறகு மன்னிப்புக் கேட்டால் அது ஆத்தாளை அவமதிப்பது ஆகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். புதன்கிழமை யாரும் கொழிஞ்சாம்பாறைக்குப் போகவில்லை. வெள்ளைப் பூ பொய் சொல்லாது.

அக்காவின் முழங்கால் வலி குறைய வேண்டும், உங்கள் கோபம் அதற்கும் முன்னால் குறைய வேண்டும், பிள்ளைகள் பேரும் புகழுமாக விளங்க வேண்டும் என்று மாரியாத்தாளை மனதார வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த மச்சான்,
குப்பண்ணன்.

பின்குறிப்பு: அண்ணா, நான் பழனாத்தா எழுதறேனுங்க. தபால்ல போடறதுக்கு உங்க மச்சான் எங்கிட்டத்தான் குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னால படிச்சுப்போட்டேன். அவரு எழுதுனது ஒண்ணையும் மனசுல வெக்காதீங்க. அந்த ரெண்டு பொட்டலமும் கட்டுனது நாந்தானுங்க. ரெண்டுலயுமே வெள்ளைப் பூத்தான் வெச்சேன். எங்க சிவப்பு வந்து இப்படியொரு பையன் கை நழுவிப் போயிருவானோன்னு பயம். அதனால அந்த வெள்ளைக்காரன் இருக்கறானா செத்தானான்னு ஆத்தா ஒண்ணுமே சொல்லலைங்க, அவகிட்ட வேற பூவே இல்லை. இதை உங்க மச்சான்கிட்டயோ கோமதிகிட்டயோ மூச்சு விட்டுராதீங்க, பிரேசில் வரைக்கும் மானம் போயிரும். புதன்கிழமை நீங்களே கொழிஞ்சாம்பாறைக்குப் போயி, தை மாசத்துல முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்க. சிவப்பிரகாஷ் நேத்து எனக்குப் போன் போட்டு, "அத்தை, கோமதி சரின்னுட்டாங்க, மாமாகிட்ட நீங்க பக்குவமா சொல்லோணும்"னு கேட்டுச்சு. ஆத்தாகிட்ட நான் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். சம்பந்தி ஊட்டுல மட்டும் என்னையும் கேக்கச் சொல்லாதீங்க, நானும் இந்த ஊட்டுக்காரிதானுங்களே.