மாப்பிள்ளை போட்ட கணக்கும் பாதியில் நின்ற ரோடும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு உடம்பளவில் எல்லோரும் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கிராம வளர்ச்சித் திட்டம் எவ்வளவு பலன் தந்தது என்று கணிதத்தால் அளக்க வந்தீர்களே, முடிவு வந்துவிட்டது. நம் ஊருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு புள்ளி சொச்சம். 'இலக்கு எட்டப்பட்டது' என்று சொல்லி, ரோடு போட வந்த எந்திரத்தை நேற்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரோடு ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். மழை பிடித்துக்கொண்டால் ஆம்புலன்ஸும் அங்கேயேதான் நிற்கும்.

உங்கள் சூத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு கேள்வித்தாளோடு போனீர்கள். வேறு அதிகாரி கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். கேட்டது ஊர் மாப்பிள்ளை! அவரிடம் போய்ப் பஞ்சப்பாட்டு பாடலாமா? மாவு மில்காரர், "ரோட்டுக்கு என்ன மாப்ளே, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார். அதே ரோட்டில் விழுந்து கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டுதான் சொன்னார், நீங்கள் பார்க்கவில்லையா? தையல்காரம்மா, "குழாயில தண்ணி கொட்டுது" என்றார். உங்களுக்குக் குடிக்கக் கொடுத்ததே மூன்று வீடு தள்ளி இரவல் வாங்கிய தண்ணீர். மறைப்பானேன், நானும்தான் நர்ஸ் தினமும் வருகிறார் என்றேன். அவர் முகமே எனக்கு மறந்துவிட்டது. இத்தனை பொய்யையும் கூட்டி, வகுத்து, தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை சுத்தமாகக் கொடுத்திருக்கிறீர்கள்!

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து ஊருக்கும் போனீர்கள். அங்கே நீங்கள் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. தார் ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே, "எங்களுக்கு ரோடே இல்லைங்க ஐயா" என்று மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு முப்பத்தொன்று. நம் எந்திரம் இப்போது அங்கே ரோட்டின் மேல் ரோடு போடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது, மாப்பிள்ளை. உடனே அந்தக் கணக்கை ரத்து செய்யச் சொல்லுங்கள். மறுபடி அளக்க, இந்தப் பக்கம் பெண் எடுக்காத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் மாமியார் படித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதுவாங்க? நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஆகவே மேலே உள்ள எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணக்கு சரிதான். ரோடு, தண்ணீர், நர்ஸ், எதிலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிரசவத்துக்கு மட்டும் மகளை இங்கே அனுப்பாதீர்கள். நாங்களே அங்கு வந்துவிடுகிறோம்.