முழங்கால் அளவு வெள்ளம்

கதைதிருத்திகள் என்றொரு இனம் உண்டு. வாரம் முழுக்கச் சாதுவாக வேலைக்குப் போய், வரிசையில் நின்று, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, வயதான பெற்றோரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் விழித்துக்கொள்ளும் இனம். அப்பா தொண்டையைச் செருமி, "அந்தக் காலத்துல..." என்று தொடங்கியதும் இவர்கள் நாற்காலி நுனிக்கு நகர்வார்கள். பிறகு கூவுவார்கள்: "அது அப்படி இல்லையேப்பா!" நீங்கள் கேட்டிருப்பீர்கள். எந்த வீட்டில்தான் கேட்கவில்லை?

எங்கள் துராஸ்னோ ஊரில் இந்த இனத்துக்கு முதல் பரிசு கொடுப்பதென்றால் ஒராசியோவுக்குத்தான் கொடுக்க வேண்டும். தலைநகரில் நில அளவையாளர். ஞாயிறுதோறும் மடியில் கேக் பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்குவார். அம்மாவுக்குக் கன்னத்தில் முத்தம், அப்பாவுக்கு முதுகில் ஒரு தட்டு, பெட்டி மேசைமேல். அதோடு திருத்த வேலை ஆரம்பம். அன்பில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்பு நிறைய உண்டு. கூடவே அளவுநாடாவும் உண்டு.

அப்பா அனீபல் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். கண் மங்கியதும் லாரி போயிற்று. உப்பையும் ஒயினையும் டாக்டர் பறித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது வெள்ளக் கதை ஒன்றுதான். மழை பெய்தால் எங்கள் பக்கத்தில் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம்; அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், அனீபலுக்கு ஆறு பெருகிவிடும்.

அப்படி ஒரு ஞாயிறு. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. அம்மா நேலிதா அடுப்படியில் பொரித்துக்கொண்டிருக்கிறார். அனீபல் சுரைக்குடுக்கையில், எங்களுக்குத் தேயிலை மாதிரியான மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி, வரிசையாக ஒவ்வொருவருக்கும் கொடுத்து வருகிறார். குடுக்கை ஒன்று, உறிஞ்சும் குழல் ஒன்று, ஊற்றுகிற கை ஒன்று. குடித்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தர வேண்டும்; இனி வேண்டாம் என்றால் மட்டுமே நன்றி சொல்ல வேண்டும். மதத்தை மாற்றிக்கொண்டவரைக்கூட எங்கள் ஊரில் மன்னிப்பார்கள், இந்த முறையை மாற்றுகிறவரை மன்னிக்க மாட்டார்கள்.

"நம்ம யீ ஆறு பொங்கி வருது, தண்ணி கூரை வரைக்கும்! நான் பேக்கரிக்காரன் படகை எடுத்துக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போறேன். உங்க தாத்தா ஜன்னல்ல நிக்கறார். மொதல்ல எதைக் குடுத்தார்ங்கறே? பொண்டாட்டியையா? பொண்ணையா? கறுப்புப் பன்னிடா, அதைத் தூக்கிக் குடுத்தார்!"

"அது படகு இல்லையேப்பா," என்றார் ஒராசியோ, குடுக்கையைக் கையில் பிடித்தபடியே. "மாவு பிசையற மரத்தொட்டி."

"தொட்டியோ படகோ, மிதந்துச்சுல்ல?"

"மிதக்கத் தண்ணி வேணுமே. அந்தத் தெருவை நானே அளந்திருக்கேன். முழங்காலுக்கு மேல வந்திருக்க வாய்ப்பே இல்ல."

"டேய், உன் கையில இருக்கறது மைக் இல்ல. குடிச்சிட்டுக் குடு!" என்றாள் அக்கா மிர்த்தா.

அடுப்படியிலிருந்து நேலிதாவின் குரல்: "முழங்கால்தானா? அப்ப நான் நடந்தே வந்திருப்பேனே! இந்தக் கிழவனை எதுக்குடா கட்டிக்கிட்டேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அனீபல் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, நீயே சொல்லு," என்றார்.

ஒராசியோ சொன்னார். மழை பெய்தது, முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, பன்றியைத் தொட்டியில் ஏற்றினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். கதை முடிந்தபோது சட்டியில் போட்ட மாவு இன்னும் சிவக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மிர்த்தா.

அனீபல் தனக்கு ஒருமுறை ஊற்றிக் குடித்தார். யாரையும் பார்க்காமல், "நன்றி," என்று குடுக்கையைக் கீழே வைத்தார். ஊற்றுகிறவரே நன்றி சொல்லிவிட்டால் அப்புறம் ஏது சுற்று?

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் மழை பெய்தது, மாவு பொரிந்தது. வெள்ளம் மட்டும் வரவில்லை. அனீபல் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தார்.

"பேக்கரி வழியாத்தான் வந்தேன்பா," என்று தூண்டில் போட்டுப் பார்த்தார் ஒராசியோ.

"ம்."

"ஆத்துல தண்ணி ஏறுதாம்."

"ம்."

திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாமல் ஒராசியோ தவித்துப்போனார். அம்மா போட்ட உப்பைத் திருத்திப் பார்த்தார், அக்கா சொன்ன பாதையைத் திருத்திப் பார்த்தார். ருசிக்கவில்லை. திரும்பும் பேருந்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது: அந்தப் பன்றிக் கதையைக் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தானோ? வாயைத் திறந்து கெடுத்தது நான்தானே?

இங்கே ஒன்றைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கிறது. தலைநகர் அலுவலகத்தில் மழை நாட்களில் இதே கதையைச் சொல்கிறவர் யார்? சாட்சாத் நம் ஒராசியோதான். அங்கே தண்ணீருக்கு முழங்கால் தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு ஏறி, இப்போது மாதா கோயில் மணிக்கூண்டைத் தொட்டுவிட்டது. யார் திருத்துவார்கள்? அங்கே இருப்பவர்கள் எல்லாம் வேறு அப்பாக்களின் பிள்ளைகள்.

மழை பெய்த அடுத்த ஞாயிறன்று, வேறு வழி தெரியாமல், ஒராசியோ அலுவலகக் கதையை அப்படியே அவிழ்த்துவிட்டார்.

"அக்கா, அந்த வெள்ளத்துல தண்ணி மணிக்கூண்டு வரைக்கும் வந்துச்சாம். அப்பா படகை மணிக்கயித்துல கட்டிப்புட்டு..."

கால்பந்தின் சத்தம் குறைந்தது.

"மணிக்கூண்டா? என்னடா உளர்ற?"

"ஆமாப்பா. தாத்தாகூட மொதல்ல கன்னுக்குட்டியைத்தானே..."

"அது அப்படி இல்லடா!"

அதே கூவல்! கிழவரின் தொண்டையிலிருந்து!

"தண்ணி கூரை வரைக்கும்தான்! சரி, ஜன்னல் வரைக்கும்னே வெச்சுக்க. நான் அங்க இருந்தேன், நீ பொறக்கவே இல்ல! கன்னுக்குட்டியாம்! வெள்ளைப் பன்னிடா அது! உங்கம்மா அதோட காதைப் பிடிச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருந்தா!"

"காதை இல்ல கிழவா, வாலை!" என்று அடுப்படியிலிருந்து கத்தினார் நேலிதா.

ஆக, இந்தத் திருத்தும் வேலையை ஒராசியோ எங்கும் போய்ப் படித்துக்கொண்டு வரவில்லை. அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த சொத்து.

இதற்கிடையில் ஒராசியோவின் காதில் ஏதோ ஒன்று இடறியது. நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வாய் திறந்தது. திறந்த வாயில் சுடச்சுட ஒரு பொரித்த மாவைத் திணித்துக்கொண்டார். நாக்கு வெந்தது. அனீபல் குடுக்கையைக் கழுவிப் புது இலை போட்டு, வெந்நீர் ஊற்றி, முதலில் மகனிடம் நீட்டினார். ஒராசியோ குடித்தார். நன்றி சொல்லவில்லை.

சரி, அவர் எதைத் திருத்த வாய் திறந்தார் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமா? மேலே போய், அந்தப் பன்றி முதலில் என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தீர்களா? என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துடிக்கிறதா?

பன்றி அன்றைக்கே பத்திரமாகக் கரையேறிவிட்டது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.